நட்சத்திரம் கட்டிய கொக்கி

என் தம்பி பெனிஸ்டன் வீடுகளில் மழை ஒழுகலைச் சரிசெய்பவன். தூத்துக்குடியில் அவனைப் போல ஒழுகும் இடத்தை நிதானமாகத் தேடுகிறவர்கள் குறைவு. வெளிச்சுவரில் கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தண்ணீர் பீய்ச்சுவான். எப்போது ஈரம் இறங்குகிறது என்று நான் உள்ளே நின்று சுவரைப் பார்ப்பேன்.

போன ஐப்பசி மழையில் மாப்பிள்ளையூரணியில் ஜெயபாய் பெரியம்மா வீட்டுச் சன்னலோரம் ஒழுகியது. பக்கத்திலேயே அவர் கட்டில். ஈரத்தில் இருமல் நிற்கவில்லை.

“ஏலே, சன்னலுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறியா?” என்று, வெளியே தண்ணீர் பீய்ச்சிய பெனிஸ்டனைப் பார்த்துச் சிரித்தார்.

சன்னல் சட்டம் நனைந்தும் உள்சுவர் காய்ந்தே இருந்தது. சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடில் நீர் பட்டதும் உள்ளே ஈரம் இறங்கியது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதற்காக, சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கொக்கி அடித்திருந்தார்கள். அது உப்புக்காற்றில் துருவேறிப் பருத்து, சுவரைப் பிளந்திருந்தது.

“இதப் பிடுங்கிட்டு அடைச்சாத்தான் ஒழுகுறது நிக்கும், பெரியம்மா” என்றான் பெனிஸ்டன்.

அவர் முகம் மாறியது. “அது கப்பலுக்குப் போறதுக்கு முந்தி அபிலாஷ் அடிச்சதுல்லா.”

அபிலாஷ் அவருடைய ஒரே மகன். கடலில் விழுந்தவனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

“பிடுங்காம சுத்திப் பூச முடியாதா?”

“பூசலாம். அடுத்த மழைக்கே வெடிச்சிரும்.”

“அப்ப ஒழுகட்டும், தம்பி.”

பெனிஸ்டன் உளியைப் பையில் போட்டான். நாங்கள் இருவரும் கட்டிலைத் தூக்கி எதிர்ச்சுவர் ஓரம் போட்டோம். சின்ன அறை, அங்கும் ஈரவாடை அடித்தது.