ரேணுகாம்பாளின் அலைவரிசை

சாம்பாருக்குப் புளி கரைத்தபடியே ரேணுகாம்பாள் மைக்கில் பேசுகிறார். குக்கர் விசிலடித்தால் மட்டும் பொத்தானை விட்டுவிடுவார். பகலில் காஞ்சிபுரம் தொலைபேசி நிலையத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் அமெச்சூர் ரேடியோ, வீட்டிலிருந்தே கம்பியில்லாக் கருவியில் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு. தேர்வெழுதி உரிமம் வாங்கியவர். மாடியில் அவர் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில் பக்கத்து வீட்டார் பாவாடை காயப்போட்டதும் உண்டு. கணவர் குமாரசாமியிடமே, ரேடியோவில் பேச்சை முடித்து எதிராளிக்கு விடுவதுபோல, "காபி ஆறிப்போவுது, ஓவர்" என்பார்.

"நேத்து ஒரு ஜப்பான்காரன் ரேடியோல மாட்டினான்பா. என் பேரை முழுசா சொல்ல வச்சிட்டேன்." சொல்லும்போதே ரேணுகாம்பாளுக்குக் கண் விரிகிறது.

அமெச்சூர்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும்தான் அவர் பேசலாம். ரேடியோ செட்டைத் திறந்து, உள்ளே பூட்டுப்போல இருக்கும் டயோடு என்ற சிறு பாகத்தை வெட்டிவிட்டால் போலீஸ் அலைவரிசையிலும் பேசும். சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம் வைகாசி, பெருமாள் கருட வாகனத்தில் வீதியுலா வரும் கருட சேவை. கூட்டத்தில் உதவ, காந்தி ரோட்டில் ரேணுகாம்பாள் கைச்செட்டுடன் நின்றார். கங்கைகொண்டான் மண்டபத்தருகே இன்னொரு கைச்செட்டுடன் நண்பர் ஜான்சன். விழாத் தொண்டர் மயில்வாகனம் ஓடி வந்தார்.

"டயோடை வெட்டிட்டு போலீஸ் லைன்லயே பேசிடுங்கமா. நேரம் மிச்சம்."

"அவங்க பேசிக்கினு இருக்க சொல்ல நான் பூந்தேன்னா அவங்க பேச்சு அறுந்துபூடும். என் லைசென்சும் பூடும். ஒரு போலீஸ்காரரை என் பக்கத்துல நிக்க வைப்பா. நான் சொல்றத அவரு அதுல சொல்லட்டும்."

முணுமுணுத்தபடி போனவர், வாக்கிடாக்கியோடு கான்ஸ்டபிள் வீராசாமியை அழைத்து வந்தார்.

பெருமாள் மண்டபத்தை நெருங்கியபோது ஜான்சன் குரல் பதறியது. நெரிசலில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்துவிட்டார். ரேணுகாம்பாள் திரும்பிச் சொன்னதும், வீராசாமி பொறுக்கச் சொல்லிக் கையமர்த்தினார். போலீஸ் அலைவரிசையில், மண்டபத்தெதிரே சாய்ந்துகொண்டிருந்த மூங்கில் தடுப்பைப் பிடிக்க ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு முடிந்த நொடியில் வீராசாமி செய்தியைச் சொன்னார். தடுப்பைப் பிடித்தவர்களே கூட்டத்தை விலக்கி வழிவிட, ஆம்புலன்ஸ் உள்ளே நுழைந்தது.

"கண்ணைத் தொறந்துட்டாங்க. தண்ணி கேக்கறாங்க, ஓவர்" என்றார் ஜான்சன்.

ரேணுகாம்பாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீராசாமி முகமெல்லாம் சிரிப்பாகத் தன் வாக்கிடாக்கியை நீட்டினார். "இந்த நல்ல சேதிய நீங்களே சொல்லுங்கமா. ஒரே ஒரு தபா."

வீராசாமியின் மணிக்கட்டைப் பற்றி, வாக்கிடாக்கியை அவர் வாய்க்கே திருப்பிவைத்தார் ரேணுகாம்பாள்.