பெயர் போடாமலே தெரிந்துபோனவர்

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்காக என்னைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்திருந்தேன். கனடாவின் மொன்றியலில், லாசால் பகுதி முதியோர் இல்லம் ஒன்றில் தொண்டராகப் போய் மறதி நோயுள்ள ஓர் அம்மாவுக்குச் சோறூட்டிய அனுபவம் அது. அவருடைய பெயரைப் போடவில்லை. அவருடைய ஊரையும் அவர் முன்பு பார்த்த வேலையையும் மட்டும் எழுதியிருந்தேன். விண்ணப்பக் கெடு அன்று மாலையோடு முடியவிருந்தது. ஆங்கிலப் பிழை பார்க்கத் தோழி நிரோஜாவிடம் கொடுத்தேன். வாசித்தவளின் முகம் மாறியது.

"இது எங்கட பெரியம்மா எல்லோ? அவவின்ர மறதி வருத்தத்தை நாங்கள் வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

அவர் அவளுடைய பெரியம்மா என்று எனக்கு அதுவரை தெரியாது. "இன்னும் அனுப்பேல்லை நிரோ, இப்பவே அழிக்கிறன்" என்றேன்.

அந்தப் பகுதி முழுவதையும் அழித்தேன். அதற்குப் பதிலாக, முதல் நாள் இல்லத்தில் நான் பயந்து நின்றதை எழுதி, கடைசி நிமிடத்தில் அனுப்பினேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இப்போதெல்லாம் இல்லத்தில் பார்த்ததை என் அம்மாவிடம்கூட நான் சொல்வதில்லை.