இமையோரத்து எண்ணெய்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினாறு வருடங்களுக்குப் பிறகு என் கண்கள் கெட ஆரம்பித்தன. காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். பத்து மணிக்கு மேல் தண்ணீர் வடியும். குளிர்காற்றுதான் காரணம் என்று பக்கத்துக் கண்ணாடியை மூடிவைத்துப் பார்த்தேன். குறையவில்லை. பாமசியில் கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். விட்டதும் கண் வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். அதையே ஒரு வருடம் விட்டுக்கொண்டிருந்தேன்.

முன் சீட்டில் வழக்கமாக வரும் ஒரு பெண் என் மனைவியைக் கடையில் பார்த்து, “ஒங்க வீட்டுக்காரரு ஏன் அழுதுக்கிட்டே பஸ் ஓட்டுறாரு?” என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை மனைவி கேட்டாள். “எங்கிட்ட சொல்லாத கவலை ஏதாச்சும் இருக்குதாங்க?”

“ஒண்ணுமில்ல, கண்ணுதான்” என்றேன். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் சரியாகப் பேசவும் இல்லை.

அந்த வாரமே அது நடந்தது. நோர்வூட் தாண்டி ஒரு வளைவு. மூடுபனியில் எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் பாதை முழுக்கக் கலங்கிவிட்டது. பிரேக்கை மிதித்தேன். பஸ் பாதையோர வடிகானை ஒட்டி நின்றது. லொறி உரசாமல் போய்விட்டது.

“என்னாண்ணே?” என்று கண்டக்டர் ஓடி வந்தான்.

“கண்ணு தெரியல” என்றேன் மெதுவாக.

அவன் திரும்பிப் போய், எஞ்சின் சூடாகிவிட்டது என்று பஸ்ஸில் இருந்த ஆட்களிடம் சொன்னான். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. வேறொரு டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்துப் போனார்.

மறுநாள் கண் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. பேச்செல்லாம் சிங்களத்தில்தான். கண் காய்ந்துபோயிருக்கிறது என்றார்.

“தண்ணியா கொட்டுது, காஞ்சிருக்குன்னு சொல்றீங்களே?”

அவர் என் கீழிமையை லேசாக அழுத்திக் கண்ணாடியில் காட்டினார். இமையோரத்தில் பற்பசை மாதிரி வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது.

“இது எண்ணெய். கண்ணீர் மேல மெல்லிசா படிய வேண்டியது. அது வராததால கண்ணீர் சட்டுன்னு காயுது. எரிச்சல்ல கண்ணு இன்னும் தண்ணிய கொட்டுது. அந்தத் தண்ணியும் கண்ணுல தங்காது. காலையில தேங்காயெண்ணெய் உறைஞ்சா போத்தல சுடுதண்ணியில வைக்கிறீங்கல்ல? இதுக்கும் அதேதான்.”

பழைய சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, கண்ணீருக்குப் பதிலாக விடும் வேறொன்றை எழுதித் தந்தார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான துணியைப் பத்து நிமிடம் மூடிய கண்மேல் வைக்க வேண்டும். பிறகு இமையை இமைமயிர்ப் பக்கமாக மெல்ல நீவி, ஓரத்தைத் துடைக்க வேண்டும். பார்வை தெளியும்வரை பஸ் எடுக்கக் கூடாது.

“முழுசா குணமாகுமா?”

“தொடர்ந்து செஞ்சா கட்டுப்பாட்டுல இருக்கும். விட்டா திரும்பி வரும். எண்ணெய் விடுற சுரப்பியில சிலது ஏற்கனவே செத்துப்போச்சு. அது இனி வேலை செய்யாது.”

வீட்டில் மனைவிதான் துணி பிழிந்து வைத்தாள். ஆறியதும் மாற்றுவாள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

“அப்ப நெசமாவே அழலயா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அழல.”

பிறகு வளைவில் நடந்ததைச் சொன்னேன். அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்று துணியை மாற்ற அவளுக்கு நேரமெடுத்தது.

ஒரு மாதத்தில் உறுத்தல் போனது. டொக்டர் பார்த்துவிட்டு, பஸ் எடுக்கலாம் என்றார். தீபாவளி நெரிசலில் இரண்டு வாரம் துணி வைக்காமல் விட்டேன். எல்லாம் திரும்பி வந்தது. அதன்பின் விடவில்லை.

இடது கீழிமையில் பாதிச் சுரப்பிகள் வேலை செய்வதில்லை. காற்று பலமான நாட்களில் அந்தக் கண் கலங்கும். அப்போது அடுத்த பஸ் ஹோல்டில் வண்டியை நிறுத்தி, சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். பஸ்ஸுக்குள் ஆட்கள் காத்திருப்பார்கள்.