நாங்களே செஞ்சது

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவுடன் அவர் சாப்பிடமாட்டார். முதலில் அதைக் கல்லா மேசையின் மேல், உள்ளே வருகிறவர் கண்ணில் படும்படி சற்றே சாய்த்து வைப்பார். பிறகு ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "ஓட்டை ஓட்டையா இருக்கு பாத்தீங்களா சார்? தானா பொங்கினது. கடை ரொட்டியில இது வராது. நாங்களே செஞ்சது." சுவருக்கு வெள்ளை வாங்க வந்த மனிதர், வெள்ளை கிடைக்கும்வரை ரொட்டியின் ஓட்டைகளைப் பார்த்தபடி நிற்பார்.

பெயிண்ட் கடையில் விற்பனையாளர். வயது முப்பத்தைந்து இருக்கும். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணும் தவழுகிற பையனும். கடைத்தெருவில் அவருக்கு 'நாங்களே சார்' என்று பெயர். அது கேலி என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

என் கடை அதற்கு அடுத்தது. நூல், பொத்தான், ஜிப், லேஸ் விற்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்குப் பலகை, அதற்கு மேலே கம்பிவலை. ஆகவே அவர் பேசுவதைக் கேட்காமல் இருக்க எனக்கு வழியே இல்லை. எட்டு வருடமாகக் கேட்கிறேன். திரைச்சீலை நாங்களே தைத்தது. சோப்பு நாங்களே காய்ச்சியது. பையனுக்குப் பழைய காலுறையில் முயல் பொம்மை, பெண்ணுக்கு அட்டைப்பெட்டியில் வீடு, அந்த வீட்டுக்குள் தீப்பெட்டியில் கட்டில், எல்லாம் நாங்களே. 'நாங்கள்' என்றால் கேட்பவரை விட்டுவிட்டுப் பேசுபவரைச் சேர்த்துக்கொள்ளும் சொல் என்று பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். இவருடைய 'நாங்கள்' பேசுபவரையும் சேர்த்தே விட்டுவிடும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாமான் வாங்க என்னிடம்தானே வருகிறார். "எலாஸ்டிக் வேணும்க்கா." எந்த அகலத்தில் என்று கேட்பேன். "நாங்க எப்பவும் போடுற அகலம்தான்." எப்போதும் போடுகிற அகலம் எது என்று அவர் மனைவியைத் தொலைபேசியில் கேட்டுத்தான் நான் வெட்டிக் கொடுப்பேன். ஒருமுறை கவுனுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணியைக் கொண்டுவந்து இதுதான் மேல்துணி என்று சாதித்து, அதற்குப் பொருத்தமாகப் பொத்தான் வாங்கிப்போனார். சாயங்காலம் அவர் மனைவி பொத்தானைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாத்திக் குடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

அவள் முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். சட்டத்துக்குத் தக்கபடி கண்ணாடியை விளிம்பு தேய்த்துப் பொருத்துகிற வேலை. பையன் பிறந்ததும் விட்டாள், அல்லது விடவைக்கப்பட்டாள். அவள் தைத்த கவுன் ஒன்றை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். கீழ் மடிப்பில் போட்ட தையல் வெளிப்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. என் கடைக்கு வருகிற தையல்காரர்களில் அப்படித் தைப்பவர்கள் ஒருவரோ இருவரோதான். வீட்டுக்காரருக்கு அதைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது.

போன வருடக் கடைசியில் அவள் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. மாவு பிசைவது, கத்தரிக்கோல் பிடிப்பது, நடுவில் குழந்தையைத் தூக்குவது என்று ஓயாத கை. டாக்டர் கட்டுப் போட்டு, ஒரு மாதம் அந்தக் கைக்கு எந்த வேலையும் கொடுக்காதே என்றார். இங்கே பெயிண்ட் கடையில் என்ன குறைந்தது? ஒன்றுமில்லை. மேசையில் டப்பா சாய்ந்தது, ரொட்டி வெளிச்சத்துக்கு உயர்ந்தது. கம்பிவலை வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் பையிலிருந்து பேக்கரிக் காகிதத்தை எடுப்பார். ரொட்டியைக் கத்தி படாமல் கையாலேயே பிய்ப்பார். கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து மேலே கொஞ்சம் மாவைத் தூவி, விரலால் தட்டிவிட்டு, டப்பாவில் வைப்பார். வீட்டு ரொட்டி தயார்.

அந்தச் சமயத்தில் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கவேண்டும், நல்லதுக்குப் பரிசு. முந்தின வருடம் அவர் மனைவி பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒரு போர்வை தைத்து வைத்திருந்தாள். நாலு மாத வேலை. நடுவர்கள் அதன் மேல் 'நல்ல முயற்சி' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்த வருடம் இவர் தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டார்: நாங்கள் ஒரு கவுன் கொண்டுவருகிறோம், எங்கள் பெண்ணே போட்டுக்கொண்டு வந்து நிற்பாள் என்று. வீட்டில், இந்தத் தடவை விட்டுவிடலாம், கை வலிக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். இடது கையால் மெதுவாகத் தைக்கலாமே என்று இவர் யோசனை சொல்லியிருக்கிறார். யோசனைகளுக்கு மட்டும் அந்த வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

அவள் முடியாது என்றாள். கண்காட்சிக்கு முந்தின நாள், கடை ஓய்ந்திருந்த நேரத்தில், இவர் ஒரு பையோடு என் கடைக்குள் வந்தார். தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பைக்குள் ஆகாய நீலத்தில் ஒரு கவுன். ரெடிமேட். கழுத்தில் கம்பெனித் துணிச்சீட்டு பளபளவென்று இருந்தது.

"இந்தச் சீட்டை வெட்டி எடுத்துடுங்கக்கா. அப்படியே கீழ் மடிப்பைப் பிரிச்சு, கொஞ்சம் கோணலா தெச்சுக் குடுங்க."

"ஏன் கோணலா?"

"வீட்ல தெச்சதுன்னா கோணல் இருக்கணும்ல. அப்பத்தானே நம்புவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கவுனை மேசைமேல் விரித்துப் போட்டேன். பிறகு கேட்டேன். "உங்க வீட்டம்மா தையலை நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா, தம்பி?"

"தினம் பாக்குறேனேக்கா."

"கோணலாவா இருக்கு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்கமுடியாதது. எட்டு வருடமாக அவள் தைத்ததை உடுத்தி, விரித்து, போர்த்திக்கொண்டு, ஊர் முழுக்கக் காட்டிப் பெருமையடித்த மனிதருக்கு அவள் தையல் நேரா கோணலா என்று தெரியவில்லை. "கையால செய்றதுதானே, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் கடைசியில், பெரிய மனது பண்ணி மன்னிக்கிறவரைப் போல.

சீட்டை வெட்டிக் கொடுத்தேன். குழந்தைகளுக்குக் கழுத்தில் உறுத்தும் என்று யார் கேட்டாலும் வெட்டித் தருகிறதுதான். கோணலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வேறு ஆள் எதற்கு? தன் கடைக்குப் போய் உட்கார்ந்து, மடிப்பில் நாலைந்து தையலைச் சாவியால் நெம்பி இழுத்துத் தொங்கவிட்டார். அன்றைக்குத்தான் அந்த வீட்டுத் துணியில் முதன்முதலாக அவர் கை பட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு மேசை போட்டு பாசிமணி, லேஸ் விற்றுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அவர்கள் குடும்பம். பெண் நீலக் கவுனில் ஆடாமல் அசையாமல் நின்றது. அம்மா கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, நல்ல கையில் பையனை இடுக்கியிருந்தாள். அப்பாவின் இரண்டு கைகளும் விளக்கிப் பேசுவதற்காகக் காலியாக இருந்தன.

நடுவர்களாக இரண்டு அம்மாள்கள் வந்தார்கள். ஒருவர் கவுனின் தோள்பட்டையைத் தடவினார், இடுப்புச் சுருக்கத்தை விரித்துப் பார்த்தார். தொங்கிய மடிப்பை அவர் பொருட்படுத்தவில்லை. "என்ன நேர்த்தி! அப்படியே கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஆமோதித்தார். கையில் கட்டோடு எப்படித் தைத்தீர்கள் என்று மனைவியைக் கேட்டார்கள். "நாங்க ரெண்டு பேருமா சேந்துதான் மேடம்" என்று இவர் முந்திக்கொண்டார்.

அவள் கணவரைப் பார்க்கவில்லை. நடுவரைத்தான் பார்த்தாள். "கடையில வாங்கின மாதிரி இருந்தாத்தான் நல்லதா மேடம்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

"பின்ன? அதைவிட வேற என்னம்மா வேணும்?"

"சரிங்க" என்றாள்.

முதல் பரிசு நீலக் கவுனுக்கு. பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு செட்டும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். கைதட்டல் முடிந்த பிறகும் இவர் வணங்கிக்கொண்டிருந்தார். அவள் பையனை இறக்கிவிட்டு, பெண்ணின் முன்னால் குந்தி, தொங்கிய மடிப்பை இடது கை விரல்களால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிறவரை. அது எந்த வகைச் சிரிப்பு என்று எதிர் மேசையில் இருந்த எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தாள். பிரிக்காத ஜிப், சுற்றுக் கலையாத லேஸ், நூல்கண்டுகள், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க மேசையில் வைத்தாள். கண்ணாடிக் கடையில் போய்ப் பேசிவிட்டாளாம். கட்டு அவிழ்த்ததும் வரச் சொல்லிவிட்டார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் அதே தெருவில் இருக்கிறது. வீட்டில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இதெல்லாம் யாரு செய்வான்னு கேட்டாருக்கா. ஊரெல்லாம் நாங்களேன்னு சொன்னீங்களே, உங்க பங்கை நீங்க செய்யுங்க, என் பங்கை நான் எட்டு வருஷமா செஞ்சுட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. நான் பாத்து அப்படி அவர் இருந்ததே இல்லக்கா." சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே ஒரு வெள்ளை நூல்கண்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். தையல் எனக்குப் பிடிக்கும்க்கா, எனக்குத் தோணும்போது தைப்பேன் என்றாள்.

அந்தப் பேசாமை கடைவரை வந்து சேரவில்லை. அவள் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பிரசங்கம் மாறிவிட்டது. பெண்கள் வேலைக்குப் போகவேண்டும். அவரும் மனைவியும் நன்றாக யோசித்து எடுத்த முடிவு. டப்பாவில் இப்போது பேக்கரி பன்னும் அவரே அவித்த முட்டையும். பன் மறைவில் இல்லை, காகிதத்தோடே மேசைக்கு வருகிறது. "சின்னக் கடைக்காரங்களை நாமதான் சார் தூக்கிவிடணும். நாங்க இப்போ எதையும் வீட்ல செய்றதில்ல." முட்டை பற்றித் தனியாக ஒரு பேச்சு உண்டு. அவிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறதாம், அது எல்லோருக்கும் கைவராதாம். தோல் உரிக்கும்போது பாதி வெள்ளை தோலோடு போய்விடுவதை நான் தினமும் பார்க்கிறேன். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, நிற அட்டைகளுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கேட்பவர்களுக்கு அந்தக் கவுனின் இடுப்புச் சுருக்கத்தை எப்படி எடுத்தோம் என்று இன்னமும் விளக்குகிறார்.

நேற்று மத்தியானம் புது வீடு கட்டுகிற ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவன் மனைவி ஒற்றுமை பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே மேல்தட்டில் இருந்த டின்னை எடுக்கக் கையைத் தூக்கினார். சட்டையின் அக்குள் தையல் படாரென்று பிரிந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு டின் அடுக்குக்குப் பின்னால் வந்தார். கம்பிவலை இருப்பதையும் நான் இருப்பதையும் மறந்துவிட்டார். சுவர் விளிம்பில் பெயிண்ட் படாமல் ஒட்டுகிற காகித டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, சட்டைக்குள் கையை விட்டு, பிரிந்த இடத்தில் உள்பக்கமாக ஒட்டினார். இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கையை விலாவோடு இறுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய், மற்றொரு கையை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.