குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்துகொள்கிறேன். அரிசி இரவே ஊறியிருக்கும். குக்கரின் பொத்தானை அழுத்துகிறேன். மகளின் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டைச் சுருள் இரண்டு, வேகவைத்த கீரை, சோற்று உருண்டை மூன்று. உருண்டையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை அப்படியே திரும்பி வரும். பள்ளித் தொப்பியின் ரப்பரை இழுத்துப் பார்க்கிறேன். பிறகு அவளை எழுப்புகிறேன். எங்கள் சமையலறையில் கடிகாரம் இல்லை. கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆறு முப்பத்தொன்றைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எழுதப்போவது நடந்தது. நான் பொறியியல் படித்தவன். செண்டாய் நகரில் பாலங்களைச் சோதிக்கும் வேலை. சத்தம், நேரம், அளவு, இவற்றைக் கவனிப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். கவனித்ததை மட்டும் சொல்கிறேன். காரணம் கேட்காதீர்கள். என்னிடம் இல்லை.

போன ஜனவரி. என் மனைவி சிஸுரு, ஐந்து வயது மகள் கொஹாரு, நான், மூவரும் வடக்கு மலையில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போனோம். பயணம் என் யோசனை. கொஹாரு பிறந்த நாளிலிருந்து இரவில் எழுந்தவள் சிஸுருதான். காய்ச்சல், கெட்ட கனவு, ஒன்றுக்குப் போவது, எல்லாவற்றுக்கும். நான் தூங்குவதுபோலக் கிடப்பேன். டிசம்பரில் ஒருநாள் அவள் பெட்டி கட்டினாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். "ரெண்டு நாள் மலைக்கு வா. அப்புறம் முடிவு பண்ணு" என்று கெஞ்சினேன். வந்தாள்.

முதல் மாலை நன்றாகவே போனது. கீழே ஆற்றங்கரையில் திறந்தவெளிக் குளம் ஒன்று. விடுதிக்குள்ளே ஆண்களுக்கு ஒரு வெந்நீர்க் குளம், பெண்களுக்கு ஒரு குளம். நடுவில் மரச்சுவர். சுவர் கூரையைத் தொடாது. நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதான்: வெளியே போகும்முன் சுவருக்கு மேலாக ஒரு குரல் கொடுப்பது.

"சிஸுரு, நான் எழுந்துக்கறேன்."

"இரு. உன் பொண்ணு இன்னும் எண்ணி முடிக்கலை."

இருபதுவரை எண்ணிவிட்டுத்தான் குழந்தை தண்ணீரைவிட்டு வெளியே வரவேண்டும். கொஹாரு கத்தி எண்ணினாள். பதினாறை எப்போதும் விட்டுவிடுவாள்.

"பதினாறு எங்கடி?"

"வழுக்கி விழுந்துடுச்சும்மா!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சிஸுருவும் சிரித்தாள். இவள் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கொஹாரு எழுந்து, ஒன்றுக்குப் போக அம்மாவை உலுக்கினாள். நான் அசையவில்லை. அறை குளிராக இருந்தது. சிஸுரு என் முகத்தருகே குனிந்தாள்.

"இமை துடிக்குது. நடிக்கத் தெரியாட்டி எதுக்கு நடிக்கிறே?" கதவை இழுத்தாள். "எப்பவும் நான்தான் போகணும்."

ஆறு ஐந்துக்குத் துண்டை எடுத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு குளிக்கப் போனாள். ஏழு நிமிடம் கழித்து நானும் இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

காலையில் குளங்களை மாற்றிவிடுவார்கள். நேற்று ஆண்களுக்கு இடது, இன்று வலது. வலது வாசலில் நீலத் திரை தொங்கியது. அப்படியானால் இடதில் பெண்களின் சிவப்புத் திரை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் வாசலை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

உள்ளே ஒருவர் மட்டும் இருந்தார். ஓகாஜிமா, பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர். தலையில் ஈரத் துண்டு. நான் கழுத்துவரை இறங்கினேன். எதிர்ச் சுவரில் கடிகாரம்.

ஆறு பத்தொன்பது. சுவருக்கு அந்தப் பக்கம் மரவாளி தரையில் வைக்கப்படும் சத்தம். டொக்.

"சிஸுரு?"

தண்ணீர் அலம்பியது.

"இருக்கேன்."

"கோபமா?"

"இல்லை."

"இனிமே ராத்திரி நான் எழுந்துக்கறேன். சத்தியமா."

"எழுந்துக்காதே. நான் பாத்துக்கறேன்."

ஓகாஜிமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கொடுத்து வெச்ச ஆளுய்யா நீ. என் வீட்டுக்காரியா இருந்தா இந்நேரம் வாளி இந்தப் பக்கம் பறந்து வந்திருக்கும்."

நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் குழந்தை எண்ணத் தொடங்கியது. பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு.

"பதினாறு சொல்லிட்டாளே!"

"சொல்லிட்டா."

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் மேலே பார்த்தேன். எங்கள் குளத்தின் ஆவி சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து இந்தப் பக்கம் ஆவி வரவே இல்லை. ஒரு இழைகூட.

ஆறு இருபத்தாறு. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. "சிஸுரு, வெளிய வா. உன்கிட்ட நேரா பேசணும்."

"இன்னும் கொஞ்சம்..."

ஆறு முப்பத்தொன்று. அழுகை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை. ஜன்னலுக்கு வெளியே. கீழே. ஆற்றுப் பக்கம். தொலைவில்.

"கொஹாரு அழறாளா?"

"நான் பாத்துக்கறேன். நீ இரு."

பாதி எழுந்திருந்தேன். தோளில் குளிர் பட்டது. மறுபடி உட்கார்ந்தேன். கழுத்துவரை.

ஆறு முப்பத்துநாலு. மறுபடி. "அம்மா... அம்மா..."

"சிஸுரு, நான் வரட்டுமா?"

"நான் பாத்துக்கறேன். நீ இரு."

அதே ராகம். அதே நீளம்.

ஆறு முப்பத்தெட்டு.

"நான் பாத்துக்கறேன். நீ இரு."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஓகாஜிமாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. சுவரையே பார்த்தார். தலையிலிருந்த துண்டு தண்ணீரில் விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து போனார்.

குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியது. இருபதில் நிற்கவில்லை.

இருபத்தொன்று... இருபத்திரண்டு...

கொஹாருவுக்கு இருபதுக்கு மேல் தெரியாது.

ஆறு நாற்பத்தொன்றுக்கு வெளியே யாரோ ஓடினார்கள். ஒரு பெண் கத்தினாள்.

சிஸுரு கீழே, ஆற்றங்கரைத் திறந்தவெளிக் குளத்துக்குப் பின்னால் கிடந்தாள். பனி உள்வாங்கி ஒரு பள்ளமாகியிருந்தது. ஊற்றிலிருந்து வரும் நச்சு வாயு காற்றைவிடக் கனமானது; அப்படிப்பட்ட பள்ளத்தில் தேங்கி நிற்கும். இரண்டு மூச்சு போதும். எச்சரிக்கைக் கயிறு பனிக்குள் புதைந்திருந்தது. கொஹாரு பதினைந்து அடி தள்ளி, குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அழுது குரல் போயிருந்தது.

மருத்துவர் என்னைவிட இளையவர். "ஆறரை வாக்கில் நடந்திருக்கும்" என்றார். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி யாராவது வந்து தூக்கியிருந்தா..." பேனாவை மூடினார்.

நான் போலீஸ்காரரை இடது குளத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் சிவப்புத் திரை இல்லை. ஒரு தாள் ஒட்டியிருந்தது: குழாய் உறைந்துவிட்டது, பெண்கள் ஆற்றங்கரைக் குளத்தைப் பயன்படுத்தவும். கதவு பூட்டியிருந்தது. திறந்தார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை. இரவே வடித்துவிட்டார்களாம். தரை இடுக்குகளில் பனிக்கட்டி. வாளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தன. ஒன்றைத் தவிர. அது சுவரோரம் நிமிர்ந்து நின்றது.

ஓகாஜிமா தனியாக வாக்குமூலம் கொடுத்தார். ஒரு பெண் குரல், ஒரு குழந்தைக் குரல் என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவள் போன நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில், எரித்தபின் எடுத்து வைத்திருந்த எலும்புகளைக் கல்லறையில் வைத்தோம். அதுவரை கொஹாரு அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, பின் இருக்கையிலிருந்து கேட்டாள்.

"அப்பா, நீ ஏன் பனிக்குள்ளேர்ந்து கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலை."

"கூப்பிட்டே. 'சிஸுரு, வெளிய வா. உன்கிட்ட நேரா பேசணும்'னு. மூணு தடவை."

நான் ஒருமுறைதான் சொன்னேன். இருநூறு மீட்டர் தள்ளி, மேலே விடுதியின் மூடிய குளியலறைக்குள்.

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. கை கியரின் மேலேயே இருந்தது.

"அம்மா என்ன சொன்னா?"

"முதல்ல பேசாம இருந்தா. மூணாவது தடவை நீ இருமினே. விழுந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு. அம்மா துண்டைச் சுத்திக்கிட்டு எழுந்தா."

"என்ன சொன்னா, கொஹாரு?"

குழந்தை அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"நீ உக்காரு. எப்பவும் நான்தான் போகணும்."