செவலையை எண்ணும் நேரம்

ஓர் உயிரின் விலை அறுநூறு திர்ஹம். தடுப்பூசி, தோலுக்கு அடியில் வைக்கும் சிப், கழுத்துப்பட்டை எல்லாம் அதில் அடக்கம். பேரம் கிடையாது.

கைவிடப்பட்ட வேட்டைநாய்களை மீட்டு வீடு தேடிக்கொடுக்கும் ஒரு குழு அஜ்மானில் போட்டிருந்த விலை இது. பந்தயத்தில் ஓடி ஜெயிக்கும்வரை அதே நாய்க்குப் பண்ணை முதலாளிகள் லட்சத்தில் பேசுவார்கள். ஒரு கால் சுணங்கியதும் மணலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

நடந்தது இது. சென்ற ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து இருபத்தொன்றாம் தேதிவரை. நம்ப மனமில்லாதவர் சிரித்துவிட்டுப் போகலாம், சிரிப்புக்கு யாரும் பில் போடுவதில்லை. ஷாஜினி மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஷாஜினி குளச்சல்காரி. ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எப்போதும் நைட் டூட்டி. கணவன் பிஜுவுக்குச் சவுதியின் யான்புவில் ரிஃபைனரி வேலை. அவன் ஒரு கடலோரம், இவள் ஒரு கடலோரம், நடுவில் மொத்தப் பாலைவனமும். காலை எட்டரைக்கு அஜ்மான் ஃபிளாட்டுக்கு வந்து, குளித்து, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கறுப்புத் திரையை இழுத்து மூடிப் படுப்பாள். ஊருக்கெல்லாம் பேய் உலவும் நேரம் இரவு பன்னிரண்டு என்றால், அவளுக்கு அது பகல் இரண்டரை. ஜூலை வெயிலில் அந்த நேரத்துக்குத் தெருவில் பூனைகூட இருக்காது.

நாயைக் கொண்டுவந்து விட்டவள் ஹபீபுன்னிசா. குழுவில் சம்பளமில்லாமல் உழைப்பவள். கீழக்கரைக்காரி, மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பம். எதிரில் நிற்பவர் வாங்குவாரா மாட்டாரா என்று செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"இந்தா பாரு தங்கச்சி, மறைச்சு விக்கிற சரக்கு என்கிட்ட இல்ல. இவன் ரெண்டு வீட்டுல கடிச்சிட்டுத் திரும்பி வந்தவன். இருபத்தோரு நாள் வச்சுப் பாரு. கடிக்காம இருந்தான்னா பொழச்சான். மூணாவது தடவையும் திரும்பி வந்தா..."

"வந்தா?"

"ஊசிதான். எங்க குழு விதி அது. மனசறிஞ்சு இன்னொரு வீட்டுக்கு அனுப்ப முடியாதுல்ல?"

உயிரைப் பிடித்து நிறுத்த ஊசி போடுவது ஷாஜினியின் பிழைப்பு. எடுப்பதற்கும் ஊசி என்றதும் அவள் கை தானாக நீண்டு கயிற்றை வாங்கிக்கொண்டது. வாங்கும் ஆள் யார் என்று ஹபீபுன்னிசாவுக்கு முன்பே தெரியும்.

செம்பட்டை நிறம். அம்பு மாதிரி மூஞ்சி. விலா எலும்புகளை எண்ணலாம். குழு வைத்த பெயர் ஆஸ்கர்.

"வெளிய போறப்ப வாய்க்கூடை போடு, பூனையப் பாத்தா கயிறு அறுந்துரும். கண்ணாடிக் கதவுன்னா என்னன்னே தெரியாது, டேப் ஒட்டி வை. முக்கியமா ஒண்ணு. தூங்கறப்ப தொடாத. இதுங்க கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கும். தள்ளி நின்னு பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடு. காது அசைஞ்ச பெறவு தொடு. கடி வாங்குன ரெண்டு பேரும் அதுலதான் வாங்குனாங்க."

அன்று இரவு யான்புவிலிருந்து பிஜு கூப்பிட்டான்.

"எட்டி, ஒனக்கு வட்டு பிடிச்சிருக்கா? ஒறங்கவே நேரமில்ல, இதுல பட்டி வளக்குதது வேற."

"இருவத்தோரு நாளுதான் கேட்டியளா. பாவம், எலும்பும் தோலுமா இருக்கு."

"என்னையும் அப்பிடிப் பாத்துத்தான் கெட்டுன. பொறவு நான் போனேனா?"

முதல் ஐந்து நாள் ஆஸ்கர் என்ற பெயருக்கு அதன் காது ஒரு தடவைகூட அசையவில்லை. மாடிப்படியைப் பார்த்தால் சிலையாக நின்றுவிடும். லிஃப்ட் கண்ணாடியில் தன்னையே பார்த்து நடுங்கும். தூங்கும்போது ஷாஜினி கைதட்டித்தான் எழுப்பினாள். தினமும் ஹபீபுன்னிசாவுக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்புவாள். சாப்பாடு இரண்டு வேளை, நடை மூன்று, கடி இல்லை.

ஆறாம் தேதி. பகல் 2.40.

தூக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஹாலில். ஆண் குரல். காய்ந்து, தொண்டைக்குள் மணல் அப்பியதுபோல.

"செவல..."

ஒரு மூச்சு இடைவெளி.

"செவல... செவல..."

பிறகு, தரையில் வால் அடிக்கும் சத்தம். டப்... டப்... டப்...

பக்கத்து ஃபிளாட்டில் டிவி என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பக்கத்து ஃபிளாட் ஃபிலிப்பைன்ஸ்காரர்களுடையது என்பது வந்து நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாய் ஹால் மூலையைப் பார்த்தபடி நின்றிருந்தது. மூலையில் ஒன்றுமில்லை. ஆனால் நாயின் தலைமுடி, நெற்றியிலிருந்து பிடரிவரை, அழுந்திப் படிந்திருந்தது. யாரோ உள்ளங்கையால் தடவியதுபோல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

அன்று மாலை, விளையாட்டாகத்தான், கூப்பிட்டுப் பார்த்தாள்.

"செவல."

நாய் ஓடிவந்து அவள் மடியில் முகத்தை வைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாயிற்று. செவலை என்றால் படி ஏறியது. செவலை என்றால் லிஃப்டுக்குள் வந்தது. தூங்கும்போது மூன்று முறை கூப்பிட்டால் சாதுவாகக் கண் சிமிட்டியது. நல்ல சரக்கு, கைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்ததை யார் விசாரிக்கிறார்கள்?

பதினொன்றாம் தேதி. 2.41.

வார்டில் முந்தின இரவு இரண்டு மரணம். ஷாஜினியின் உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது, காது மட்டும் விழித்திருந்தது. ஹாலில் குரல். வால் சத்தம். பிறகு ஒரு முனகல்... நாயுடையது அல்ல. மூச்சுக்குத் திணறும் மனிதனுடையது.

பதினோரு வருடம் நைட் டூட்டி பார்த்தவள். முனகல் கேட்டால் கால் எழுந்துவிடும். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் இருட்டு ஹாலுக்கு வந்தாள். மயக்கத்தில் கிடக்கும் நோயாளியைத் தொடுமுன் நர்ஸ் தன் பெயரைச் சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வழக்கம். மூலையில் குனிந்திருந்த அந்தக் கறுப்பைப் பார்த்து அவள் சொன்னாள்.

"பயப்படாதீங்க. நான் சிஸ்டர் ஷாஜினி."

முனகல் நின்றது.

விளக்கைப் போட்டாள். மூலையில் யாருமில்லை. நாய் அவளைப் பார்த்தது. பிறகு மூலையைப் பார்த்தது. மறுபடி அவளை.

ஐந்து நாள் எந்தச் சத்தமும் இல்லை.

பதினேழாம் தேதி. 2.40. ஹாலில்.

"செவல... செவல... செவல..."

டப். டப். டப்.

பிறகு, அதே குரலில்...

"ஷாஜினி."

ஒரே ஒரு தடவை.

பத்தொன்பதாம் தேதி. குரல் படுக்கையறை வாசலில் இருந்தது.

"ஷாஜினி... ஷாஜினி..."

இரண்டு தடவை. போர்வைக்குள் அவள் வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். மூன்றாவது வரவில்லை.

பிஜுவைக் கூப்பிட்டாள். அவன் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

"இப்பமே கொண்டு விட்டுரு."

"விட்டா அவன கொன்னுருவாவ."

"வச்சிருந்தா ஒனக்கு என்ன ஆவும்னு தெரியுமா?"

"ரெண்டு நாளுதான். கடிக்காம இருந்தான்னா அவன் தப்பிச்சிருவான்."

இருபதாம் தேதி பகல் முழுவதும் எல்லா விளக்கையும் போட்டு, ஜெபமாலையுடன் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இரவு டூட்டிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தூங்கி நாற்பத்திரண்டு மணி நேரமாகியிருந்தது. நாயைத் தன் அறைக்குள் கூட்டிவந்து கதவைத் தாழிட்டாள். கட்டன்சாயா போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடக்கூடாது.

மூடினாள்.

விழித்தபோது இருட்டு. அவள் திரையை மூடியிருக்கவில்லை.

போன் வெளிச்சத்தில் மணி 2.40.

"ஷாஜினி..."

அறைக்குள்.

கை நகரவில்லை. விரல்கூட.

"ஷாஜினி..."

கட்டிலின் ஓரம்.

தரையில் நாய் படுத்திருப்பது தெரிந்தது. கண் திறந்திருந்தது. தூங்குகிறதா...

"ஷாஜினி..."

காதருகில்.

மாட்டுச்சாண வாடை. மருந்து வாடை. வெயிலில் காய்ந்த வியர்வை.

ஒரு கை இறங்கிவருவது தெரிந்தது. சொரசொரத்த உள்ளங்கை. நெற்றிமுடியில் படப்போன அந்த நொடியில்...

ஓர் உறுமல்.

கடக்.

பல் எதிலோ பதிந்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

திரை திறந்திருந்தது. வெயில் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. செவலை கட்டிலின் மேல், அவளுக்குக் குறுக்கே நின்றது. அதன் வாயில் ரத்தம். ஷாஜினி கண்ணாடி முன்னால் நின்று தலைமுதல் கால்வரை பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. நர்ஸ் அல்லவா, நாயின் ஈறு, நாக்கு, உதடு எல்லாம் விரித்துப் பார்த்தாள். அங்கும் இல்லை. அறைக் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

மாலை ஆறரைக்கு ஹபீபுன்னிசா கடைசிப் படிவத்துடன் வந்தாள்.

"கடி?"

ஷாஜினி யோசித்தாள். "இல்ல லாத்தா. மனுசரு யாரையும் கடிக்கல்ல."

அறுநூறு திர்ஹமை எண்ணி வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். செவலை பிழைத்தது.

"மாஷா அல்லா. இவன் பேருக்குத் தடுப்பூசிக் கார்டு வேணும்னு அவன் இருந்த பண்ணைக்கே இன்னைக்குக் காலைல போயிட்டேன். அங்க நாய் பாத்துக்கிட்டவரு நம்ம ராமநாதபுரத்து ஆளாம், சேதுமாதவன்னு பேரு. போன வருசம் ஆகஸ்டு பதினேழு மத்தியானம் நாய்க் கொட்டாய்ல நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. ரெண்டு நாளு ஒருத்தரும் பாக்கல. இவன் மட்டும் பக்கத்துலயே கெடந்தானாம்."

ஷாஜினியின் கை செவலையின் தலைக்குப் போனது.

"தெனமும் ரெண்டே முக்காலுக்கு முன்னால போவாராம். ஒவ்வொண்ணையும் மூணு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலைல கைய வச்சு எண்ணி, நோட்டுல டிக் போட்டுட்டுத்தான் கொட்டாயப் பூட்டுவாராம். எண்ணிக்கைல வந்தது எதையும் வெளிய விடமாட்டாராம். அவரு இரும்புப் பெட்டிக்குள்ள கார்டு இருந்துச்சு. போன வருசத்துலருந்து பூட்டியே கெடந்த பெட்டி, என் கண்ணு முன்னாலதான் ஒடச்சாங்க. நோட்டையும் குடுத்துட்டாங்க. நான் இன்னும் பிரிச்சுப் பாக்கல."

நீல அட்டை நோட்டு. தமிழ்க் கையெழுத்து, சாய்ந்து, நிதானமாக.

மயிலை. கருவாலி. சாம்பல். செவலை. இன்னும் மூன்று. ஏழு பெயர்கள், ஏழு டிக். ஆகஸ்டு பதினாறுவரை தினமும் அப்படித்தான்.

ஆகஸ்டு பதினேழு, அவர் இறந்த நாள். வெற்றுப் பக்கம்.

பதினெட்டிலிருந்து மறுபடி தொடங்கியது. அதே கையெழுத்து. ஒரே பெயர். செவலை. டிக். செப்டம்பர்... டிசம்பர்... மார்ச்... ஒரு நாள் விடாமல்.

ஹபீபுன்னிசா கைநீட்டிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "அல்லாவே... அங்க யாருக்கும் உம்பேரு தெரியாது புள்ள. நான் சொல்லல."

ஷாஜினி நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். ஜூலை பதினொன்றிலிருந்து இரண்டு பெயர்கள். கடைசி வரி இன்றைய தேதி. அதன் ஓரத்தில் ஒரு துளி ரத்தம், விரல் பட்டதும் இழுவியது.

ஜூலை 21.
செவலை. டிக்.
ஷாஜினி.
மொத்தம் இரண்டு. எண்ணியது ஒன்று. பாக்கி ஒன்று.