லண்டன் கிழிசலும் பதினோரு ஊக்குகளும்

ஷார்ஜாவின் முவைலாவில் நான் வேலை பார்க்கும் சலவைக்கடையில் ஒரே கம்பியில் இரண்டு விதமான உடுப்புகள் அடுத்தடுத்துத் தொங்கும். ஒன்று அரபிகள் அணியும் வெள்ளைக் கந்தூரா. கழுத்திலிருந்து கணுக்கால் வரை எங்காவது ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மறுநாளே திரும்பி வந்துவிடும். அதன் தோளை உரசிக்கொண்டு தொங்குவது, முழங்காலில் இரண்டும் தொடையில் மூன்றுமாகக் கிழிந்த ஜீன்ஸ். அதற்கும் இஸ்திரி உண்டு. கிழிசலில் தொங்கும் நூலை வெட்டிவிடக் கூடாது என்று தனியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை, உங்கள் வீட்டுப் பிள்ளையே அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும்.

கடை மூலையில் ஒரு தையல் மெஷின், அதன் பின்னால் நான். இருபத்திரண்டு வருடமாக இதே ஸ்டூல். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததைத் தைப்பது என் வேலை. கிழிசல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பரமக்குடியில் ஏழாம் வகுப்பு படித்தபோது என் டவுசரின் பின்பக்கம் இரண்டு ஓட்டை. 'தபால்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். பெயரோடு விட்டார்களா? நோட்டுக் காகிதத்தை மடித்து உள்ளே போட்டுவிட்டு, "லெட்டர் போட்டாச்சுடா" என்று ஓடுவார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே நாலு கடிதம். அன்றைக்கே முடிவு செய்தேன், என் கண்ணில் படும் எந்தத் துணியிலும் ஓட்டை இருக்கக் கூடாது என்று. டெய்லர் ஆனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷன் கையில்தான் டெரிக்கின் சட்டை வந்து சேர்ந்தது. டெரிக் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்காரர். அறுபதைத் தாண்டியவர், தனியாள். வாரம் ஐந்து சட்டை இஸ்திரிக்குப் போடுவார், ஐந்தும் நீலக் கோடு போட்டவை. அந்த வாரம் ஆறாவதாக ஒரு கறுப்புச் சட்டை கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்தது எங்கள் இஸ்திரிக்காரர் நௌஷாத் பாய், வங்கதேசத்துச் சில்ஹெட்காரர். "காலர் மட்டும் பிரிந்திருக்கிறது, அதை மட்டும் தைத்தால் போதும்" என்று டெரிக் சொன்னாராம். நௌஷாத் பாய்க்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். சீட்டில் 'ரிப்பேர்' என்று எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சட்டையை விரித்துப் பார்த்தேன். நெஞ்சிலும் முதுகிலும் கையிலுமாக இருபத்தாறு கிழிசல். எண்ணியதால் சொல்கிறேன். அதில் கிட்டத்தட்ட பாதியை ஊக்கு குத்திப் பிடித்து வைத்திருந்தார், மொத்தம் பதினோரு ஊக்கு. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கோணல்மாணலாக ஏதோ ஆங்கில எழுத்து. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன், கிழிந்த சட்டையை இப்படி ஊக்குக் குத்தியா ஓட்டிக்கொண்டிருக்கிறார்? வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு ஆறாவது சட்டையாக உள்ளே நுழைத்துக் கொடுத்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் மதிய இடைவேளையில் சோறு தின்றதும் உட்கார்ந்துவிட்டேன். பிசிறு விட்ட ஓரங்களைக் கத்தரித்துச் சீராக்கி, இழை இழையாக நூல் ஓட்டி, இருபத்தாறையும் மூடினேன். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. பெயிண்டைப் பெட்ரோல் வைத்துத் துடைத்தேன், போகவில்லை. காலரையும் தைத்தேன். ஊக்குகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி செல்வியிடம் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறாள். தினமும் யாருக்காவது பட்டன் போகும், பை வார் அறும். அவள் கழுத்திலிருந்து ஒரு ஊக்கு கழன்று போகும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெரிக் வந்தார். கவரைப் பிரித்தார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவர் அழுவது இதுதான் முதல் தடவை.

"வேர் ஆர் த ஹோல்ஸ்?" என்றார்.

"ஆல் ஃபினிஷ், சார். நோ ஹோல். ஃப்ரீ சர்வீஸ்," என்றேன்.

அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நானும் நௌஷாத் பாயும் நினைத்தோம், தண்ணீர்கூடக் கொடுத்தோம். தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அந்தக் கிழிசல்களைப் போட்டது மிக் என்ற நண்பர். பதினேழு வயதில் லண்டன் ஓரத்தில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் பாட்டு தெரியாது. மிக் தன் அம்மாவின் கத்தரியை எடுத்து டெரிக்கின் சட்டையைக் கிழித்து, அம்மாவின் டப்பாவிலிருந்தே ஊக்கு எடுத்துக் குத்திவிட்டிருக்கிறார். அந்த அம்மா தையல்காரி. மிக் போன மாதம் இறந்துவிட்டார். மிச்சமிருக்கும் மூன்று பேரும் சனிக்கிழமை அவர் நினைவாக மேடை ஏறுகிறார்கள். டெரிக்குக்கு வியாழக்கிழமை ஃப்ளைட்.

செத்துப்போன மனுஷனின் கைவேலையை நான் ஃப்ரீ சர்வீஸில் அழித்திருக்கிறேன். கூடவே இன்னொரு எண்ணமும் ஓடியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: தையல்காரியின் கத்தரியில் காகிதம் வெட்டினாலே வீட்டில் கொலை விழும், அந்தப் பையனை அவள் சும்மாவா விட்டாள்? கேட்டேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை துரத்தினாளாம். அந்த நிலையிலும் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"டூ டேஸ், சார். ஐ மேக் ஹோல்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நம்பிப் போனாரா, வெறுத்துப் போனாரா தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தலைமை என் மகள் நிவேதா, பதினாறு வயது, பிறந்தது இங்கே. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "முவைலா" என்பாள். பரமக்குடி என்று நான் திருத்தினால், "அது யுவர் ஊர், ப்பா" என்பாள். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தலையில் கை வைத்துவிட்டாள். "அப்பா! அது பங்க்! யூ ரூயின்ட் பங்க்!" என்று கத்தினாள். பிறகு ஃபோனைச் சோற்றுத்தட்டின் பக்கத்தில் சாய்த்து வைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினாள். பங்க் என்பது ஒரு பாட்டு வகையாம், எழுபதுகளில் நியூயார்க்கில் ஓர் இருட்டு மண்டபத்திலும், பிறகு லண்டனிலுமாகத் தொடங்கியதாம். வேலை இல்லாத பையன்கள், பெண்கள். பாட்டென்றால் பெரிய வித்வான்கள் பெரிய மேடையில் பத்து நிமிடம் கிதார் வாசிப்பது என்றிருந்த காலம். இவர்கள் கிதாரில் மூன்றே மூன்று ஸ்வரக்கட்டுகளை மட்டும் கற்றுக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் கத்தி முடித்து இறங்கிவிட்டார்கள். ரெக்கார்டை அவர்களே போட்டார்கள், பத்திரிகையை அவர்களே எழுதி நகல் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து விற்றார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். செல்வி சாம்பார் கரண்டியோடு நின்று கேட்டாள். "எதுக்கு இம்புட்டுக் கோவம் அவுகளுக்கு? தண்ணி லாரி வராத அன்னிக்கு எங்க தெருவுல போடுற சத்தம் மாதிரில்ல இருக்கு?" என்றாள். எனக்கென்னவோ அவள் சொன்னது சரியென்றே பட்டது. அடுத்து நிவேதா வேறொன்றைப் போட்டாள். அதே கூட்டத்தில் சிலர் இரண்டு மூன்று வருடத்தில் தலையை வாரிக்கொண்டு, கீபோர்டு வாங்கி, ஆடுகிற மாதிரி வாசித்தார்களாம், அதற்கு நியூ வேவ் என்று பெயராம். இரண்டாவது நிமிடமே செல்வியின் கரண்டி தாளம் போட ஆரம்பித்துவிட்டது. "இந்த டிங் டிங் சத்தம் எனக்குத் தெரியும்டி. நான் சின்னப் பிள்ளையா இருக்கையில கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல பூரா சினிமாப் பாட்டுலயும் இதான் ஓடும்." லண்டனில் யாரோ திருகிய பொத்தானின் சத்தம், கொஞ்ச வருடத்தில் கோடம்பாக்கம் வழியாகப் பரமக்குடிப் பந்தலுக்கு வந்திருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

எல்லாம் சரி, கிழிசல் எதற்கு என்று கேட்டேன். நிவேதா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க கேலி பண்றதுக்கு முன்னாடி நாங்களே காட்டிட்டோம்னு ஒரு ஆட்டிட்யூட், ப்பா" என்றாள். தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பையன்கள் ஓட்டையை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு மேடையில் நின்றிருக்கிறார்கள். நானோ ஒரு வருடம் முழுக்கப் புத்தகப் பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். என்னைவிடச் சில வயது மூத்த பையன்கள்தானே அவர்கள், யாராவது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வேலையில் இறங்கினேன். பிளேடை இரண்டாக உடைத்து, கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடித் தேடிப் பிரித்தேன். ஓட்டை எங்கெங்கே என்று எனக்கு மறக்கவில்லை, இருபத்தாறையும் தடவித் தைத்த விரல் அல்லவா? ஆனால் ஓரங்களை நான்தான் சீராக்கி வைத்திருந்தேனே, ஒவ்வொரு ஓட்டையும் அலுவலகத்துக்குப் புறப்பட்ட மாதிரி ஒழுக்கமாக இருந்தது. நிவேதாவுக்கு ஃபோன் போட்டேன். "அம்மாவோட தேங்காத் துருவியால தேய்ங்க" என்றாள். வீட்டுக்கு ஓடிப்போய்த் துருவியைக் கொண்டுவந்து தேய்த்தேன். நௌஷாத் பாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மாஸ்டர், தும் பாகல் ஹோ கயா க்யா?" என்று கேட்டார். பைத்தியம் பிடித்ததா என்று கேட்கிறார். இருபத்திரண்டு வருடம் தைத்த கை, ஒரு சட்டையைத் தேங்காய்போலத் துருவினால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

கடைசியாக, ராத்திரி வீட்டில், ஊக்கு. செல்வி பதினொன்றையும் தாலிச்சங்கிலியில், அவளுடைய ஐந்தோடு சேர்த்துக் கோத்திருந்தாள். மொத்தம் பதினாறு. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துப் பதினாறையும் பரப்பினோம். லண்டன் துருவுக்கும் பரமக்குடித் துருவுக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "பேரு எழுதியா வச்சிருக்கு? குத்துமதிப்பா எடுங்க" என்று அவளே பதினொன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை டெரிக் பெட்டியோடு வந்தார். சட்டையை விரித்தேன். ஒவ்வொரு ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தார். இடது நெஞ்சிலிருந்த பெரிய கிழிசலில் கை நின்றது. "மிக்," என்றார், அவ்வளவுதான். பிறகு ஊக்குகளைத் தொட்டார். பொய் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. "சாரி, சார். பின் மிக்ஸ். சம் பின் மை வைஃப். ஃப்ரம் மேரேஜ் செயின்," என்றேன்.

"கல்யாணச் சங்கிலியில் உங்கள் மனைவி ஊக்கு மாட்டியிருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"ஆல் தமிழ் லேடீஸ், சார். மை மதர் ஆல்ஸோ."

டெரிக் கடையே அதிரச் சிரித்தார். தங்கத்தோடு ஊக்கைத் தொங்கவிட்டதை உலகத்திலேயே முதலில் தாங்கள்தான் செய்ததாக அவர்கள் குழு அந்தக் காலத்தில் பெருமை அடித்துக்கொண்டதாம், மிக் காதில் ஒரு தங்க வளையமும் அதில் ஒரு ஊக்கும் மாட்டியிருந்தாராம். "உங்கள் அம்மாவுக்கு முன்னால் நாங்கள் ஒன்றுமே இல்லை. மிக் இருந்திருந்தால் பொறாமையில் வெந்திருப்பான்," என்றார். சட்டையைப் பெட்டியில் வைக்காமல், அணிந்திருந்த நீலக் கோடு போட்ட சட்டையின் மேலேயே மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, செல்வி டூட்டி முடிந்து கடைக்கு வந்திருந்த நேரம் பார்த்து, வீடியோவோடு வந்தார். தொப்பை வைத்த மூன்று கிழவர்கள் மேடையில் கத்திக்கொண்டிருந்தார்கள். நாலாவது மைக் ஆளில்லாமல் நின்றது. டெரிக்கின் நெஞ்சில் ஊக்குகள் விளக்கில் மின்னின. செல்வி ஃபோனைப் பிடுங்காத குறையாகக் குனிந்தாள். "அந்தா, காலர்கிட்ட மூணாவது. லேசா வளைஞ்சிருக்குல்ல? அது எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு மாட்டிவிட்டது." எனக்கு ஒரு வளைவும் தெரியவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் டெரிக் பதறி, ஊக்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். செல்வி வேண்டாமென்று கையை ஆட்டினாள். "அது அங்கனயே இருக்கட்டும்னு சொல்லுங்க. அவுகளோடது ஒண்ணு இங்க இருக்குல்ல."

கணக்குப்படி அது சரிதான். அவள் சங்கிலியில் மிச்சமிருக்கும் ஐந்தில் ஒன்றாவது லண்டன் தையல்காரியின் டப்பாவிலிருந்து வந்தது. மறுநாளிலிருந்து செல்வி பேருந்தில் பிள்ளைகளுக்கு ஊக்குக் கொடுத்தால் சாயங்காலம் கறாராகத் திருப்பி வாங்கிவிடுகிறாள். எது அது என்று நான்தான் அவ்வப்போது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் பொறுக்காமல் நிவேதாவிடம் ஐந்தையும் காட்டி, இதில் எது லண்டன், எது பரமக்குடி, உன் கண்ணுக்காவது தெரிகிறதா என்று கேட்டேன்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "தெரியலப்பா," என்று சங்கிலியை அம்மா கையில் கொடுத்தாள். "இப்ப எல்லாமே முவைலாதானே?"